குப்பைக்குழியில் ஒரு திருட்டு

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ராஜா தும்மினால் மூன்று வீதி தள்ளியிருப்பவனும் ‘நூறாயுசு’ என்று குரல் கொடுத்த காலம். அப்போது மூங்கிலாற்று நாட்டைத் திருமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவார், மாலையில் இன்னொன்று போடுவார்.

ஒருநாள் அவர் நந்தவனத்தில் மாமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். பட்டம் கட்டிக்கொண்ட அன்று அவரே தம் கையால் கொட்டை ஊன்றிய மரம் அது. மேலேயிருந்து பழுத்த இலை ஒன்று நேராக மோருக்குள் விழுந்தது. போதாதா?

“இனி இந்தத் தோட்டத்தில் ஒரு இலை தரையில் கிடக்கக் கூடாது!”

“ஒரு சருகுகூடக் கிடக்காது அரசே” என்று குழைந்தார் நந்தவன அதிகாரி சிங்கார நம்பி. மண்வெட்டியைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். பெருக்கும் வேலை தோட்டக்காரி சடைச்சியின் தலையில் விழுந்தது.

சடைச்சிக்கு மனசே ஒப்பவில்லை. மரம் உதிர்த்த இலை மரத்தடியிலேயே மக்க வேண்டும், அதுதான் அதன் சாப்பாடு என்று சொல்லிப் பார்த்தாள். “குப்பையைச் சோறு என்கிறாளே!” என்று நம்பி கைகொட்டிச் சிரித்தார். அள்ளிய சருகை எரிக்க அவளுக்குக் கை வரவில்லை. மதிலுக்கு வெளியே, தன் குடிசைக்குப் பின்னால் குழி வெட்டி அதில் கொட்டினாள். மேலே சாணம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல் என்று போட்டு மக்கவைத்தாள். அந்த உரத்தில் அவளுடைய ஆடாதொடை வேலி ஆள் உயரம் தழைத்தது.

மூன்று வருஷம் ஓடியது. நந்தவனத் தரை கண்ணாடிபோல் பளபளத்தது, மாமரமோ கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கியது. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. நம்பி குடம் குடமாகப் பாலும் தேனும் கொண்டுவந்து அடிமரத்தில் ஊற்றினார். எறும்புகள்தான் கொழுத்தன.

பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே! சபை கூடியதும் நம்பி எழுந்தார். “அரசே, உங்கள் மரம் காய்கிறது, இவள் வேலி மட்டும் கொழிக்கிறது. மரத்துக்குச் சேர வேண்டியதை இவள் திருடுகிறாள்!”

ராஜா யோசிக்கவே இல்லை. “பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போ” என்றார்.

பதினெட்டு வருஷம் தொட்டு வளர்த்த மரத்தை விட்டுவிட்டுச் சடைச்சி எங்கே போவாள்? ஆனால் நாலு நாளைக்கு முன் உரம் அள்ளும்போது தன் கையில் தட்டுப்பட்ட ஒன்று அவள் நினைவுக்கு வந்தது.

“போறேன் மகாராசா. அதுக்கு முன்னால எனக்கு ஒரு பிராது இருக்கு. என் குப்பைக்குழியில தினமும் திருட்டு நடக்குது. திருடன் உங்க அரமனை ஆளு.”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் அரண்மனையிலா? யாராக இருந்தாலும் கையை வெட்டுவேன்!”

“பசிக்காகத் திருடியிருந்தா, சாமி?”

ராஜா தாடியைத் தடவினார். “பசி என்றால் அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனைப் பட்டினி போட்டவனைத்தான் தண்டிப்பேன்.”

“ஆகா, என்ன நீதி!” என்று முதலில் கைதட்டியவர் நம்பியேதான்.

எல்லாரும் குடிசைக்குப் பின்னால் வந்தார்கள். சடைச்சி மண்வெட்டியைத் தொடவில்லை. குழியோரம் மண்டியிட்டு, மக்கிய இலைகளை விரலால் மெல்ல விலக்கினாள்.

உள்ளே வெள்ளை வெளேரென்று வேர்கள். தலைமயிரைவிட மெல்லிசாக, ஆயிரம் ஆயிரமாக, ஒவ்வொரு சருகையும் பற்றிக்கொண்டிருந்தன. இடையிடையே மண்புழுக்கள் நெளிந்தன. அவள் ஒரு வேரைக் கிள்ளி ராஜாவிடம் நீட்டினாள். அவர் முகர்ந்து பார்த்தார். மாங்காய்ப் பால் வாசனை!

“என் மரமா?”

“தோண்டிப் பாருங்க சாமி.”

ஆட்கள் வேர் போன வழியே பதமாகத் தோண்டினார்கள். அது தடித்துக்கொண்டே போனது. மதிலின் அடியில் நுழைந்து நந்தவனத்துக்குள் போய், முப்பது தப்படி தாண்டி அந்த மாமரத்தில் முடிந்தது. சடைச்சிக்கே மேல் சிலிர்த்தது. நுனியைத்தான் அவள் பார்த்திருந்தாள். இவ்வளவு தூரம் என்று நினைக்கவில்லை.

“வீட்டில் சோறில்லாமல் பிச்சைக்குப் போயிருக்கிறது” என்றார் ராஜா. “கண் கிடையாது, கால் கிடையாது. இருட்டில் இத்தனை தூரம்... சடைச்சி, இதற்கு வழி சொன்னது யார்?”

“தெரியலீங்க மகாராசா. எனக்கும் மலைப்பாத்தான் இருக்கு.”

நம்பி மெல்லப் பின்வாங்கினார்.

“நில்லும்!” என்றார் ராஜா. “பட்டினி போட்டதில் பாதிக் குற்றம் சட்டம் போட்ட என்னுடையது. பாதி, சொன்னவளைப் பார்த்துச் சிரித்த உம்முடையது. இனிமேல் நந்தவனம் சடைச்சியின் பொறுப்பு. அவள் மக்கவைக்கும் உரத்தை நீர் கூடையில் சுமந்து வந்து போடும்.”

நம்பி முதல் கூடையை அடிமரத்தில் கவிழ்க்கப் போனார். “அங்க இல்லீங்க” என்றாள் சடைச்சி. “நிழல் முடியுற இடத்துல சுத்திப் போடுங்க. வாய் அங்கதான் இருக்கு, இது இடுப்பு.” சபை மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை ராஜா சிரிக்கவில்லை. பாதரட்சையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காலுக்கடியில் எந்த வேர் எங்கே போகிறதோ என்று அவருக்குப் பயம்.

மறுவருஷம் மரம் முழுக்கச் செந்தளிர் விட்டது. ராஜா பழையபடி அதனடியில் வந்து உட்கார்ந்தார். பழுத்த இலை ஒன்று உதிர்ந்து நேராக மோரில் விழுந்தது. சேவகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜா இலையை எடுத்து உதறினார், வெறுங்காலோடு எழுந்து நடந்தார், நிழல் முடிகிற இடத்தில் குனிந்து அதை மண்ணில் வைத்துவிட்டு வந்து மீதி மோரைக் குடித்தார்.