களவு போன வைத்தியர்

முன்னொரு காலத்திலே, செங்கழனி நாட்டைப் பரிதிவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் காது அடைத்துப்போகும்.

ஒருநாள் பட்டத்து யானை திடீரென்று செத்து விழுந்தது. யானை வைத்தியர் குன்றப்பன்தான் நஞ்சு வைத்தார் என்று அரண்மனையில் பேச்சுக் கிளம்பியது. தலை தப்பினால் போதுமென்று அவர் ஆற்றைக் கடந்து, அரசி இளவெயினி ஆளும் காரைநாட்டில் போய் ஒதுங்கினார்.

அரசிக்குத் தூது விட்டு முறையாகக் கேட்கலாம் என்றார் அமைச்சர் நல்லாதனார். ராஜாவும் தலையாட்டினார். அமைச்சர் சொல் எடுபட்டாலே தளவாய் உக்கிரசிங்கனுக்கு வயிறு எரியும். அவர் சொல்லாமல் கொள்ளாமல் அக்கரைக்குப் போய், சோற்றில் கைவைத்திருந்த வைத்தியரை வாயைக் கட்டித் தூக்கிவந்து சபையில் போட்டார்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. தளவாய்க்கு முத்துமாலை போட்டார். வைத்தியரை மறுநாள் கழுவேற்றச் சொன்னார்.

அமைச்சருக்கு இது சரியாகப் படவில்லை. விசாரணைகூட இல்லாமல் ஓர் உயிர் போகப்போகிறது. அக்கரைப் படையும் சும்மா இருக்காது. நேரே மறுத்தாலோ ராஜாவின் கோபம்தான் ஏறும். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காரைநாட்டுத் தூதர் வாசலுக்கு வந்துவிட்டதாகச் சேதி வந்தது. அமைச்சர் வெளியே போய் அவரிடம் பேசிவிட்டுத் திரும்பினார்.

"அரசே, காரைநாட்டில் ஒரு களவு நடந்திருக்கிறது. செய்தவர் நம் நாட்டில் இருக்கிறாராம். அவர்களுடைய வீரர்கள் வந்து அவரைத் தூக்கிப்போனால் பேசாமல் இருந்துவிடலாமா?"

ராஜாவின் மீசை துடித்தது. "அவன் கள்ளனாகவே இருக்கட்டும். என் மண்ணில் நிற்கிறவனை என்னைக் கேட்காமல் யார் தொடுவது? சாட்சியோடு வந்து கேட்கட்டும், குற்றம் தெரிந்தால் நானே அனுப்புகிறேன்."

அமைச்சர் தூதரை உள்ளே அழைத்து, அரசி சொல்லியனுப்பியதைச் சொல்லச் சொன்னார்.

தூதர் வணங்கினார். "வைத்தியர் குற்றவாளியாகவே இருக்கட்டும். என் மண்ணில் நின்றவரை என்னைக் கேட்காமல் ஏன் தொட்டீர்கள்? சாட்சியோடு கேட்டிருந்தால் நானே அனுப்பியிருப்பேனே என்றார் எங்கள் அரசி."

களவு போன பொருள் எதுவென்று ராஜா மெல்லக் கேட்டார்.

"அதோ, கயிற்றோடு கிடக்கிறது அரசே" என்று வைத்தியரைக் காட்டினார் அமைச்சர்.

"அப்படியானால் களவுப் பொருளை வைத்திருப்பது நானா?" ராஜா வெட்கத்தோடு சிரித்துவிட்டார். முத்துமாலை தளவாயின் கழுத்திலிருந்து இறங்கியது. கட்டிய கையாலேயே கட்டை அவிழ்த்து, தாமே துடுப்புப் போட்டு வைத்தியரை அக்கரை சேர்க்கும்படி அவருக்கு உத்தரவாயிற்று.

பிறகு முறைப்படி தூது போனது. விசாரணை முடியும்வரை வைத்தியர்மேல் கை வைக்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு, அரசி காவலோடு அவரை அனுப்பினார். விசாரித்தபோதுதான், பூசணம் பிடித்து நஞ்சேறிய வரகை யானை மேய்ந்ததைப் பாகன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். வைத்தியர் தலை நிமிர்ந்து வெளியே வந்தார். இனி ஆள் வேண்டுமென்றால் கேட்டுத்தான் பெறுவது என்று இரு நாடும் உடன்படிக்கை செய்துகொண்டன. முத்துமாலை அமைச்சருக்குப் போனது.

அடுத்த வருஷம் குதிரைத் திருடன் ஒருவன் அக்கரைக்கு ஓடினான். தளவாய்தான் போனார். பட்டப்பகலில், சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு, அரசியின் வாசற்கதவைத் தட்டினார். திருடனை அவர்களே படகேற்றி அனுப்பினார்கள்.