தண்ணீர்ப் படகு புறப்பட்ட நேரம்

வாருங்கள், உட்கார்ந்து கேளுங்கள். பாய்மரத்தை நம்பியே மனிதர்கள் கடலில் போய்வந்த காலம். தென்கடலில் ஐந்து தீவுகள் இருந்தன. நான்கில் கிணறு உண்டு. கடைசித் தீவான மணல்திட்டில் மட்டும் சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. பெரிய தீவிலிருந்து பானை பானையாகப் படகில்தான் போக வேண்டும்.

படகு போகலாமா கூடாதா என்று காலையில் சொல்வதற்கு அரசன் ஓர் ஆளை வைத்திருந்தான். ‘போகலாம்’ என்று சொன்னவர் முதல் படகில் தானும் ஏற வேண்டும். அது அந்தத் தீவுகளின் வழக்கம். நல்ல வழக்கம்தான், இல்லையா?

ஒருமுறை காற்று மாறும் காலத்தில் அந்த வேலை காலியானது. மூன்று பேர் வந்து நின்றார்கள். அன்று காலையிலேயே மணல்திட்டில் புகை எழுந்தது. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

“கடல் எப்படி இருக்கிறது?” என்று கேட்டான் அரசன்.

முதலாமவன் பெருந்தேவன். “குளம் மாதிரி கெடக்கு மகராசா, தாராளமாப் போகலாம்!” என்றான். “அப்படியானால் ஏறு” என்றான் அரசன். உடனே ஆள் மெல்லக் கூட்டத்துக்குள் நழுவிவிட்டான்.

இரண்டாமவன் செங்கோடன். “புயல் வருது, யாரும் போகக் கூடாது” என்றான். எந்த நாளும் அவன் அதையேதான் சொல்வான். வந்தால் பெயர் கிடைக்கும், வராவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? மணல்திட்டுப் பிள்ளைகளுக்கு நா வறண்டால் அவனுக்கென்ன! எனக்கு இந்த ஆளைத்தான் அறவே பிடிக்காது.

மூன்றாவதாக வந்தவள் பவளாச்சி. கருவாடு காயப்போடுகிறவள், வானத்தைப் பார்த்தே பிழைப்பவள். “வடக்கேருந்து வாடையும் கிழக்கேருந்து கொண்டலும் மாறி மாறி அடிக்குது மகராசா. இப்ப எனக்குச் சொல்லத் தெரியல” என்றாள். சபை சிரித்தது.

அவள் கரையில் போய் நின்றாள். காற்றைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள், பாறையில் மோதும் அலையைப் பார்த்தாள். அரசன் ஆளனுப்பிக் கேட்டான். “தெரியல” என்றாள். மறுபடி கேட்டான். “இன்னும் தெரியல” என்றாள். அங்கே புகை தடித்துக்கொண்டே போனது. அவளுக்குக் கண் கலங்கியது, ஆனாலும் வாய் பொய் சொல்லவில்லை.

மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை. அவளே சபைக்கு ஓடிவந்தாள்.

“கொண்டல் நிலைச்சிருச்சு! இப்பவே கிளம்புனா பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடலாம். சாயங்காலம் கடல் குமுறும்” என்று சொல்லிவிட்டு, கரைக்கு ஓடி முதல் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

படகோட்டிகள் எல்லோரும் பின்னாலேயே ஏறினார்கள். “எப்படி நம்பினீர்கள்?” என்று கரைக்கு வந்த அரசன் வியந்து கேட்டான்.

“தெரியாதப்போ தெரியலன்னு சொன்னவ மகராசா, இப்பத் தெரியும்ங்கறா” என்றான் சுக்கான் பிடித்தவன்.

மணல்திட்டு வயிறாரக் குடித்தது. சாயங்காலம் கடல் குமுறியபோது படகுகளெல்லாம் கரையில் கிடந்தன, படகோட்டிகள் வீட்டில் சுடுசோறு தின்றுகொண்டிருந்தார்கள். வேலை பவளாச்சிக்கே கிடைத்தது.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவர், தெரியும் என்று சொல்லும்போது உலகம் நம்பும்.