சத்தம் நிற்காத வண்டி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கடைசியில் வைத்திருக்கிறேன். அது என் சிரிப்பு இல்லை, அப்பாவுடையது. எட்டு மாதமாக அவர் சிரிக்கவே இல்லை. நீங்களும் கொஞ்சம் காத்திருந்தால் தப்பில்லை.

அப்பா தங்கையா, இருபத்தாறு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். முதலாளி பஸ்களை விற்றதும் வீட்டில் உட்கார்ந்தார். ரோட்டில் எது போனாலும் சத்தத்தை வைத்தே பெயர் சொல்வார்.

நான் பால்காரர் முதல் பங்குத்தந்தை வரை எல்லார் குரலிலும் பேசுவேன். அப்பாவின் பழைய பஸ் மூன்றாம் கியரில் மேடு ஏறுவதைச் செய்தால் தெரு நாய் எழுந்து ஒதுங்கும். ஆனால் அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்வேன். கேட்டால் அவருக்குத் தாங்காது.

அப்பாவுக்கு ஒரு டிராவல்ஸில் டிரைவர் வேலை வந்தது. ஹைப்ரிட் கார். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டு. வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி வரை ஓட்டி, லிட்டருக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர் காட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. தவறினால் வேலை வேறு ஆளுக்கு.

பழக்க வந்தவர் முத்துப்பேச்சி மாஸ்டர். அவருக்கு வயது இருபத்தேழு, அப்பாவுக்கு ஐம்பத்துநான்கு. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

முதல் நாள் நூற்றைந்தில் பறந்தார். முன்னால் எந்த பஸ் போனாலும் அவருக்குப் பொறுக்காது. திருநெல்வேலியில் வண்டியின் திரை பதினாறு என்று காட்டியது.

"வண்டி குடிக்குது மாஸ்டரம்மா," என்றார் அப்பா. "எந்த வேகத்துல போனா நல்லா குடுக்கும்?"

திரும்பி வரும்போது மாஸ்டரே ஓட்டினார். ஆளில்லாத ரோட்டில் அறுபதில் போனபடி சொன்னார்.

"அண்ணாச்சி, உள்ளங்கையை வெளிய நீட்டுங்க."

அப்பா நீட்டினார்.

"என்ன செய்யுது?"

"சும்மா தடவுது."

வண்டி நூறைத் தொட்டது. அப்பாவின் கை பின்னால் போய்க் கதவில் இடித்தது.

"இப்போ?"

"ஏ தாயி, தள்ளுதே!"

"உங்க கைக்கே இந்தத் தள்ளு. வண்டிக்கு நெஞ்சு எம்புட்டு அகலம்? பாதிப் பெட்ரோலைக் காத்துக்கு ஊத்திட்டு வந்திருக்கீங்க."

இரண்டாம் நாள் அப்பா எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஆனாலும் திரை பத்தொன்பதுதான் காட்டியது.

காரணம் மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆக்ஸிலேட்டர் மிதியை லேசாக விட்டால் எஞ்சின் ஓய்ந்து, வண்டி மோட்டாரில் சத்தமில்லாமல் போகும். டாஷ்போர்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அப்பாவோ கண்ணால் ஓட்டுகிறவர் இல்லை, காதால் ஓட்டுகிறவர். சத்தம் நின்றதும், "ஐயோ, செத்துட்டு!" என்று மிதித்துவிடுவார். எஞ்சின் மறுபடி உறுமும். அப்பா முகத்தில் உயிர் வரும்.

"அது சாகலை அண்ணாச்சி, ஓய்வெடுக்கு."

"தெரியுது மாஸ்டரம்மா. காலுக்குத் தெரியலையே. ரோட்டுல எஞ்சின் செத்தா ஐம்பது சனம் என்னையத்தான் பாக்கும்."

அன்று சாயங்காலம் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். போகும்போது வாசலில் வைத்து என் காதில் ஒன்று சொன்னார். என்ன சொன்னார் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

"இவ எதுக்கு?" என்றார் அப்பா.

"பின்னாடி ஆள் இருந்தாத்தானே சவாரி."

நான் அப்பாவின் சீட்டுக்குப் பின்னால் ஒடுங்கி, துப்பட்டாவை முகத்தில் போட்டுத் தூங்குகிற மாதிரி சாய்ந்தேன். மாஸ்டர் தன் நெற்றிப் பொட்டை எடுத்துப் பச்சை விளக்கின் மேல் ஒட்டினார்.

"கண்ணு கூசுது."

வள்ளியூர் தாண்டியது. எழுபத்தைந்து. அப்பாவின் கால் மிதியில் பூப்போல இருந்தது. எஞ்சின் சத்தம் சீராக வந்துகொண்டே இருந்தது.

நாங்குநேரி பக்கம் ஒரு பஸ் வந்து பின்னால் ஒட்டி, ஹாரன் அடித்து, முந்தியது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கால் அசையவில்லை.

"போட்டும் மாஸ்டரம்மா. அவனுக்கு டைமிங் இருக்கு."

கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடங்கினார்.

"வண்டி இன்னைக்குத் தங்கமா இருக்கு. ஒரு தடவைகூட எஞ்சின் சாகலையே. ரிப்பேர் பாத்தீங்களோ?"

"சின்ன ரிப்பேர்தான்."

"எதுல?"

"பின்பக்கம்."

எனக்குக் கன்னமெல்லாம் வலித்தது. தொண்டை காய்ந்துபோனது. தண்ணீர் பாட்டில் காலடியில்தான் கிடந்தது. எடுக்க முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள்.

திருநெல்வேலி ஷெட்டில் வண்டி நின்றது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்களே பாருங்க மாஸ்டரம்மா."

"இருபத்தஞ்சு புள்ளி மூணு."

அப்பா வேகமாக ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பட்டனை அழுத்தி வண்டியை அணைத்தார். இறங்கி, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். எட்டு மாத வியர்வை. முன்பக்கம் போய், வண்டியைக் கும்பிடக் கையெடுத்தார்.

கை பாதியில் நின்றது.

"ஆஃப் பண்ணிட்டேனே. இன்னும் ஓடுதே?"

"எது அண்ணாச்சி?"

"எஞ்சின்!"

குனிந்து பானெட்டில் காதை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சத்தம் அங்கே இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. இன்னும் கொஞ்சம் கனத்தது. திணறியது. மூன்றாம் கியரில் மேடு ஏறியது. அது இந்தக் காரின் சத்தமே இல்லை. அவருடைய பஸ்.

மெல்லத் திரும்பிப் பின்கதவைத் திறந்தார்.

நான் கன்னத்தை உப்பிக்கொண்டு நாலாம் கியருக்கு மாறிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி! நீயா?"

ஹாரன் அடித்துக் காட்டினேன்.

இதோ, அந்தச் சிரிப்பு. முதலில் இருமல் மாதிரிதான் வந்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். துண்டு நனைந்தது.

மாஸ்டர் பச்சை விளக்கிலிருந்து பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அப்போ வழியில எஞ்சின் எத்தனை தடவை செத்துச்சு மாஸ்டரம்மா?"

"எண்ணலை அண்ணாச்சி. நாம எங்கேயும் நிக்கலையே."