எட்டில் ஒரு பங்கு காட்டுப் பூனை

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். டீச்சர் கரும்பலகையில் வட்டம் போட்டு, அரை, கால், அரைக்கால் என்று கோடு கிழிக்க ஆரம்பித்த அன்றைக்குத்தான் எனக்கு அம்மை போட்டது. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இந்தப் பூனை விஷயத்தில் எங்கள் குடும்பம் இவ்வளவு பாடுபட்டிருக்காது. ஆரம்பத்தில் இருந்து சொன்னால் தப்பு வராது என்றார் என் கொழுந்தன். எது ஆரம்பம் என்று கேட்டேன். அதை யோசிக்கப் போனவர் இன்னும் வரவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

சின்னமனூரில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். கொழுந்தன் ஒச்சப்பன் அரிசி மில்லில் வேலை செய்கிறார். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். பத்தாவதை மூன்று தடவை எழுதியவர், அதனால் எங்களுக்குள் அவருக்குத்தான் படிப்பு அதிகம். என் நாத்தனார் அங்கம்மாள் மதினியும் எங்களோடுதான் இருக்கிறார். யார் யாருக்கு என்ன முறை, யாருக்கு என்ன மரியாதை என்பதெல்லாம் அவர் சொல்வதுதான் சட்டம். என் மகள் தேன்மொழி மதுரையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டல் வாசம்.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் வந்து தட்டிப்போனது. மூன்றாவதாக வந்தது கம்பத்து வரன். மாப்பிள்ளை ரூபன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் போன் போட்டார்.

"அத்தை, தேன்மொழிக்காக வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு பூனைக்குட்டி அனுப்புறேன். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க பூ வைக்க வர்றப்ப, அது உங்க வீட்டுல நல்லாப் பழகியிருக்கணும். பூனையை நல்லாப் பாத்துக்கிட்டா அந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம்னு எங்கப்பா சொல்லிட்டாரு."

என் பிள்ளையின் வாழ்க்கை ஒரு பூனைக்குட்டியின் கையில் போய்விட்டது. அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை போனில் ஒரு கூண்டும் செய்யச் சொல்லியிருந்தார். உள்ளே நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டுமாம். பூனை அப்போது இன்னும் வரவில்லை. அளவெடுக்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் ஒச்சப்பனை நிற்க வைத்து அளந்தார், படுக்க வைத்து அளந்தார், ஒருதரம் திரும்பச் சொல்லியும் அளந்தார். கூண்டு ஏழடி உயரம் வந்தது. நல்ல காரியத்துக்குச் செய்வது என்று முன்பக்கம் சூரியனும் இரண்டு மயிலும் வைத்துப் பற்றவைத்தார். மயிலின் கழுத்துக்கும் தோகைக்கும் நடுவில் சொம்பு நுழையும் அளவு சந்து. "காத்து வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூனை வேனில் வந்து இறங்கியது. உள்ளங்கை இரண்டைச் சேர்த்தால் அதற்குள் உட்காரும். உடம்பெல்லாம் புள்ளி. கூடவே மாப்பிள்ளை எழுதிய ஒரு தாள். ஒச்சப்பன் உரக்கப் படித்தார்.

"இது வீட்டுப் பூனையும் காட்டுச் சிறுத்தைப் பூனையும் கலந்து உண்டான ஜாதி. எட்டில் ஒரு பங்கு காட்டுப் பூனை, மீதி வீட்டுப் பூனை."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மதினி பூனையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா சுருளி, எந்திரி. மாப்பிள்ளை வீட்டுல இருந்து வந்திருக்காக. அப்ப இவுக நமக்கு என்ன முறை?"

"பூனைக்கு என்ன மதினி முறை?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னா சம்பந்திதான். முன்னாடி உக்காராத. 'வாங்க'ன்னு சொல்லு."

வாங்க என்றேன். ஒச்சப்பன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பூனை கொட்டாவி விட்டது.

"பாத்தியா, பிரயாணக் களைப்பு" என்றார் மதினி.

சம்பந்தியைக் கூண்டில் பூட்டினால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? ஆகவே கூண்டு கூடத்தின் நடுவில் காலியாக நின்றது. சாவி மட்டும் தொலையாமல் இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் நூல் கோத்து, பூனையின் கழுத்துப் பட்டையில் கட்டிவிட்டார். வீட்டில் எல்லாரும் எந்நேரமும் பார்க்கிற இடம் அதுதானே?

தாளில் அடுத்த வரி: "வீட்டாரை ஒவ்வொருவராக, நிதானமாக அறிமுகம் செய்யவும். முதலில் கண்ணுக்கு நேரே பார்க்க வேண்டாம்."

என் வீட்டுக்காரர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஆதார் அட்டையோடு அறைக்குள் போனார். கண்ணைப் பார்க்கக் கூடாது என்பதால் சுவரைப் பார்த்து நின்றார். தன் பெயர், தகப்பனார் பெயர், பட்டறை ஆரம்பித்த வருஷம், எந்தெந்தக் கோயிலுக்குக் கேட் செய்து கொடுத்தார் என்பதெல்லாம் இருபது நிமிஷம் நிதானமாகச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் பூனை அவர் உள்ளே போகும்போதே வெளியே வந்து என் அரிசி டப்பா மேல் உட்கார்ந்திருந்தது.

"பின்ன யாருகிட்ட சொன்னேன்?" என்று திடுக்கிட்டார்.

"பீரோகிட்ட" என்றார் ஒச்சப்பன். "பரவாயில்லண்ணே, அதுக்கும் தெரிஞ்சு இருக்கட்டும்."

அப்புறம் மணல் தட்டு. "மணலை ஒருதரம் கீறிக் காட்டினால் புரிந்துகொள்ளும்" என்று எழுதியிருந்தது. சம்பந்தியின் காலைப் பிடித்துக் கீற வைக்க முடியாது என்று மதினி சொல்லிவிட்டார். ஒச்சப்பன் நான்கு காலில் நின்று கையால் கீறிக் காட்டினார். பூனை சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து பார்த்தது. சரியாகச் செய்தால் உடனே ஒரு தின்பண்டம் கொடுத்துப் பாராட்ட வேண்டும் என்பது தாளின் அடுத்த வரி. அன்றைக்கு எங்கள் வீட்டில் சரியாகச் செய்தது ஒச்சப்பன்தான். அவர் வாயில் ஒரு நெத்திலிக் கருவாட்டை வைத்து, "நல்ல பிள்ளை" என்றார் மதினி.

பயிற்சி என்றால் அது பயிற்சி. மூன்றாவது நாள் எதிர்வீட்டில் கட்டட வேலைக்கு லாரியில் மணல் இறக்கினார்கள். சத்தம் கேட்டதும் ஒச்சப்பன் ஓடிப்போய்க் கீறிவிட்டுத் திரும்பி வந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றார். பூனை அதற்கு முந்தின நாளே தானாகத் தட்டுக்குப் போகப் பழகிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"இது உயரமான இடத்தை விரும்பும். வீட்டிலேயே உயரமான இடத்தை இதற்குக் கொடுங்கள்" என்றது இன்னொரு வரி. என் வீட்டுக்காரர் டேப் எடுத்தார். பீரோ ஆறடி. பிரிட்ஜ் ஐந்தடி. கூண்டு ஏழடி, ஆனால் அதன் மேல் என் வற்றல் காய்ந்தது. அடுத்து ஒச்சப்பன். ஆகவே ஒச்சப்பனின் தலையைக் கொடுத்தோம். பூனைக்குப் பிடித்துப்போனது. மில்லுக்குக்கூட அதோடுதான் போய்வந்தார். குனியக் கூடாது என்பதால் அந்த வாரம் அவர் மூட்டை தூக்கவில்லை, எண்ண மட்டும் செய்தார்.

"கதவுத் திரையைப் பிராண்டினால், 'வேண்டாம்' என்று உறுதியாகச் சொல்லவும்" என்றும் இருந்தது. சம்பந்தியிடம் எப்படி முகத்துக்கு நேராக வேண்டாம் என்பது? மதினி யோசித்துத் திரையிடம் சொன்னார். மூன்று நாளில் திரை நார் நாராகிவிட்டது. ஆனால் கேட்டுக்கொண்டதா என்றால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் எனக்குப் பெரிய கவலை இல்லை. எட்டில் ஒரு பங்குதான் என் நெஞ்சில் நின்றது. அந்த ஒரு பங்கு எங்கே இருக்கிறது? வியாழக்கிழமை காலை எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டேன்.

"வால்தான்" என்றார் என் வீட்டுக்காரர். "உடம்பு தூங்குது, வாலு மட்டும் ஆடுது பாரு. அது தனி ஆளு."

"வாலு எட்டுல ஒரு பங்கு வராதுண்ணே, அதுக்கு மேலயே வரும்" என்றார் ஒச்சப்பன்.

"அப்ப நகம்."

"நகம் கம்மி."

மதினி கன்னத்தில் கைவைத்தார். "சுருளி, எனக்கென்னமோ வயித்துல இருக்குன்னு தோணுது. நேத்து வச்ச மீனு முள்ளு கூட மிஞ்சல."

ஒச்சப்பன் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். தலைமேல் இருந்த பூனையும் மூடியிருந்தது.

"அண்ணி, காடு உடம்புல இருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். தெரியல. அப்ப இன்னும் வரல. எட்டுல ஒரு பங்குன்னா எட்டு நாளைக்கு ஒரு நாள். ஏழு நாளு வீட்டுப் பூனை. எட்டாம் நாளு முழுசாக் காடு."

மூன்று தடவை எழுதியவர் சொன்னால் யார் மறுப்பது? நான் சுவரில் இருந்த தினசரி நாள்காட்டி முன்னால் நின்று விரல் விட்டு எண்ணினேன். பூனை வந்த ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு... எட்டாம் நாள் வந்து நின்றது அடுத்த ஞாயிற்றுக்கிழமையில்.

மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருகிற நாள்.

"ஐயோ, என் பிள்ளை!" என்று தலையில் கைவைத்தேன். "தாம்பாளத்தோட வர்றவுக மேல சிறுத்தை பாஞ்சா யாரு பொண்ணு எடுப்பா?"

"சத்தம் போடாத" என்று என் வீட்டுக்காரர் பூனையைக் காட்டினார். "எட்டாம் நாளுன்னு அதுக்குத் தெரிஞ்சாத்தானே பாயும்? தெரியலன்னா?"

நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இந்த மனுஷனுக்குள் இவ்வளவு மூளை இருப்பது தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், பூனை எழுந்திருக்கும் முன்னால், நாள்காட்டியில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்தார். சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று. திங்கட்கிழமை வந்தது. பூனை எழுந்து நாள்காட்டிப் பக்கம் பார்த்தது, சோம்பல் முறித்தது, பால் குடித்தது. பாயவில்லை.

"பிசகாம நடக்கணும். எல்லாரும் திங்கக்கிழமை மாதிரியே இருங்க" என்றார். அவர் போய்ப் பட்டறையைத் திறந்தார். ஒச்சப்பன் பூனையோடு மில்லுக்குப் போனார். அரை மணியில் திரும்பிவந்தார்.

"திங்கக்கிழமையும் அதுவுமா மில்லைப் பூட்டிப் போட்டிருக்கான். என்ன நிர்வாகமோ!"

நான் திங்கட்கிழமைக்கு உள்ள துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். கடைசி முந்தானையைப் பிழியும்போது சுரீரென்று உறைத்தது. இன்றைக்குத் திங்கள் என்றால், ஞாயிறு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வரவே இல்லை!

"மதினீ! நேத்து அவுக வரலையே!"

மதினி வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் பட்டறையில் இருந்து ஓடிவந்து வாசற்படியில் உட்கார்ந்தார். மூன்றாவது வரனும் போயிற்று. ஒரு போன்கூடப் போடவில்லை. என் பிள்ளைக்கு என்ன குறை, அவள் நிறம் குறையா, குணம் குறையா? நாங்கள் நான்கு பேரும் அழுதோம். அந்தச் சமயம் தேன்மொழி பையோடு மதுரையில் இருந்து வந்து நின்றாள்.

"என்னம்மா, இன்னும் யாரும் குளிக்கலையா? அவங்க வந்துட்டாங்க, தெரு முனையில கார் நிக்குது."

கார்தான். மாப்பிள்ளை ரூபன், அவர் அப்பா வீரணன், அம்மா மூவரும் தாம்பாளத்தில் மல்லிகைப் பந்தோடு இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சம்பந்தி. ஆனா நேத்து வர்றேன்னுட்டு இன்னைக்கு வந்து நிக்கிறீகளே, இது நல்லா இருக்கா? பொண்ணப் பெத்தவ அழுது முகமெல்லாம் வீங்கிருச்சு."

வீரணன் திகைத்தார். உள்ளே வந்து நாள்காட்டியைப் பார்த்தார். திங்கள். அவர் முகம் செத்துப்போனது.

"மன்னிக்கணும் சம்பந்தி. எங்க வீட்டுக் காலண்டரு ஒரு கடையில சும்மா குடுத்தது. அதான் ஒரு நாள் பிந்தி ஓடுது."

எனக்கு நிம்மதி வந்தது. நல்ல குடும்பம். நமக்கு ஏற்ற குடும்பம். அப்போதுதான் மாப்பிள்ளை தன் போனைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார். "அப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான்!"

ஒச்சப்பனின் தலைமேல் இருந்த பூனை கண்ணைத் திறந்தது. காது நிமிர்ந்தது.

"போச்சு. காதுல விழுந்துருச்சு" என்றார் ஒச்சப்பன், தலையை அசைக்காமல்.

பூனை பாய்ந்தது. நேராகத் தாம்பாளத்தில் விழுந்து, மல்லிகைப் பந்தை வாயில் கவ்வி, வீரணனின் தோளில் ஏறி, பீரோவில் தாவி, மறுபடி தன் இடத்துக்கே போய் உட்கார்ந்தது. பூ இரண்டு முழமும் ஒச்சப்பனின் தலையில் சுற்றி, காதோரம் தொங்கியது.

மதினி கையைத் தட்டினார். "சம்பந்தி கையாலயே பூ வச்சாச்சு!"

"ஆனா யாருக்கு வச்சிருக்கு?" என்றார் வீரணன் கவலையோடு.

எல்லாரும் ஒச்சப்பனைப் பார்த்தோம். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "எனக்கு மறுப்பு ஒண்ணும் இல்ல, வீட்டுல பெரியவுக என்ன சொல்றாகளோ" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா தன் மகனைப் பார்த்தார். "உயரம் கொஞ்சம் கூட" என்று மெதுவாகச் சொன்னார்.

தேன்மொழிதான் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "சித்தப்பா, குனிங்க." பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது.

"அருமையாப் பழக்கியிருக்கீங்க, அத்தை" என்றார் மாப்பிள்ளை. ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அதுவரை பூனை எங்களோடுதான். முகூர்த்தம் எட்டாம் நாளில் வராமல் பார்த்துக்கொள்வது வீரணன் பொறுப்பு.

ஆனாலும் வாரம் தவறினாலும் அந்த எட்டாம் நாள் தவறாமல் வருகிறதே. ஒவ்வொரு தடவையும் தாளைக் கிழித்துக்கொண்டே போனால் ஆவணி முன்னால் வந்துவிடும், அதற்குள் பந்திக்கு அரிசி வாங்கி முடியாது என்றார் என் வீட்டுக்காரர். மாப்பிள்ளையின் தாளை மறுபடி படிக்கச் சொன்னேன். கடைசி வரியில் வழி இருந்தது: "வீட்டிலேயே பத்திரமான இடம் கூண்டுதான்."

அதனால் இப்போதெல்லாம் எட்டாம் நாள் காலையில் நான் கூண்டுக்குள் போய்விடுகிறேன். நிற்கலாம், திரும்பலாம், காலை நீட்டிப் படுக்கலாம். நல்ல வேலைப்பாடு. இன்றைக்கும் என் வீட்டுக்காரர் வெளியே பூட்டி, சாவியை வழக்கம்போல அதன் இடத்தில் கட்டிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். இதை உள்ளே இருந்துதான் எழுதுகிறேன். சற்றுமுன் பூனை மயிலின் கழுத்துச் சந்து வழியாக உள்ளே வந்து, என் மடியில் சுருண்டு தூங்குகிறது. சாவி அதன் கழுத்தில் இருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரம்தான். ஆனால் இன்றைக்கு எட்டாம் நாள் ஆயிற்றே, யார் தொடுவது? நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். பூட்டு மட்டும் நன்றாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன். பூட்டியிருக்கிறது. இனி பயம் இல்லை.