யார் கையில்?

குமுதவல்லி விமானம் ஓட்டக் கற்றது இளம் வயதில். முதன்முதலாகத் தனியாகப் பறக்க வேண்டிய வாரத்தில் அப்பா படுக்கையில் விழுந்தார். படிப்பு நின்றது. பிறகு கல்யாணம், பிள்ளைகள். நாற்பத்தாறு வயதில் அதே ஓடுதளத்துக்குத் திரும்பி வந்தாள்.

இப்போது அவளுக்கு ஆசிரியை ஷெரின். வயதில் மிகவும் இளையவள்.

"என்னை எப்ப தனியா விடுவீங்க மேடம்? என்கூடச் சேர்ந்த பசங்க எல்லாம் பறந்துட்டாங்க. வீட்டுல கேலி தாங்கல. இன்னிக்கும் இல்லைன்னா இனி நான் வரமாட்டேன்."

"மேல போய்ப் பேசலாம், வாங்கக்கா."

இரண்டே இருக்கை உள்ள சின்ன விமானம். இருவர் முன்னாலும் ஆளுக்கொரு கைப்பிடி. எதைப் பிடித்தாலும் விமானம் கேட்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கைமாற்றுகிறவர் "உங்க கையில்" என்பார். மற்றவர் "என் கையில்" என்று சொல்லும்வரை விடக் கூடாது.

மேலே போனதும் விமானத்தின் மூக்கு ஏறியது, இறங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த குமுதவல்லி கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். இன்னும் ஆடியது.

"எனக்கு வரலை. உங்க கையில், மேடம்." விட்டுவிட்டாள்.

ஆட்டம் மெல்ல அடங்கியது. அவளுக்கு மூச்சு வந்தது. கீழே ஏரியைப் பார்த்தாள்.

"நீங்க பிடிச்சதும் எப்படிச் சாதுவாப் போகுது பாருங்க! எனக்கு ஏது இந்தக் கை?"

சொல்லிக்கொண்டே பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினாள். ஷெரின் இரண்டு கைகளாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இடது இறக்கை சரியத் தொடங்கியது.

"ஐயோ! யாரு ஓட்டுறா?"

"யாரும் இல்லை."

குமுதவல்லி பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். "என் கையில்! என் கையில்!"

இறக்கை நிமிர்ந்தது.

"கொல்லப் பாத்தீங்களா? எனக்குப் பிள்ளைங்க இருக்கு!"

"நான் வாங்கிக்கவே இல்லையேக்கா."

குமுதவல்லி கோபத்தோடு விமானத்தைத் திருப்பினாள். கோபத்தோடு இறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. ஷெரினின் கைகள் மடியிலேயே இருந்தன.

ஓடுதளத்தை விட்டு ஒதுங்கி நின்றார்கள். ஷெரின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ஏதோ பேசினாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கினாள். காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"எங்க போறீங்க?"

"ஒரு சுற்று போய்ட்டு வாங்க. தனியா."

குமுதவல்லியின் முகம் வெளுத்தது.

"இப்பவா? இப்பத்தானே கையை விட்டேன்! மேல போய் மறுபடியும் பயந்துட்டா, நான் யார்கிட்ட கொடுப்பேன்?"

கதவைச் சாத்துமுன் ஷெரின் சொன்னாள்:

"அதனாலதான் இறங்குறேன்."