செங்கமலம் அம்மையார் சாத்திய பித்தளைப் பூ

வாருங்கள் என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். துடைப்பம் பிடித்த ஒரு கைக்காக அம்மன் ஓடி வந்த கதை சொல்லப் போகிறேன். நினைக்கும்போதே எனக்கு மெய் சிலிர்க்கிறது!

விண்ணப்பங்களைக் காகிதத்தில் எழுதித் தபாலில் போட்ட காலம் அது. மணவயல் தொழிற்பயிற்சி நிலையத்தில் செங்கமலம் அம்மையார் பெருக்கும் வேலை பார்த்து வந்தார். உலோகத்தைக் கடையும் லேத்து எந்திரங்களுக்கு அடியில் சுருள் சுருளாய் விழும் உலோகச் சீவலைக் கூட்டி அள்ளுவதே அவர் பணி. விரலெல்லாம் கீறல். பூ வாங்க வழியில்லாத அவர், அந்தச் சீவலுக்குள் பொன்னாய் மின்னும் பித்தளைச் சுருள் ஒன்றைத் தேடி எடுப்பார். கழுவித் துடைத்து, வாசலில் இருக்கும் வேம்படி அம்மன் காலடியில் தினமும் காலையில் சாத்துவார். அதுதான் அவர் பூசை.

இன்னொரு தொண்டும் செய்தார். ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கிருந்து இன்ஜினியரிங்கும் போகலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யாரும் நின்று பார்க்காத அந்தத் தாளை, தூசி துடைக்கப் போன அம்மையார் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். பிறகு சும்மா இருப்பாரா? "இதோட படிப்பு முடிஞ்சதுன்னு யாரு சொன்னா? மேல வழி இருக்குப்பா!" என்று பிள்ளைகளை மறித்து மறித்துச் சொன்னார். படிவம் வாங்கி வந்தார். பிள்ளைகள் பூர்த்தி செய்ததை அம்மன் முன் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தாமே தபாலில் சேர்த்தார்.

அலுவலக எழுத்தர் தர்மலிங்கம் விடுவாரா? "ஏன் செங்கமலம், இது என்ன கல்யாணப் பத்திரிகையா? ஸ்பேனர் பிடிக்கிற பிள்ளைங்களுக்கு எதுக்கு காலேஜு?"

"ஸ்பேனர் பிடிச்ச கை பேனா பிடிச்சா வலிக்குமா சார்?" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார் அம்மையார்.

அந்த ஆண்டு, லேத்து வேலை கற்கும் டர்னர் பிரிவில் முதலாவதாகத் தேறிய குருவம்மாளை விண்ணப்பம் போட வைத்தார். பாலிடெக்னிக்கில் சேர்க்கைக் கலந்தாய்வு நாளும் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. தர்மலிங்கம் கூப்பிட்டுக் கொடுக்க, அம்மையார் வாங்கினார்; மறுமுனையில் குருவம்மாள் அழுதாள்.

"அக்கா, என் விண்ணப்பமே வரலைங்கறாங்க. நாலு மணிக்கு சேர்க்கை முடியுதாம். இன்னிக்கு இடம் கிடைக்கலைன்னா, நாளைக்கே அப்பா என்னை மில்லு வேலைக்கு அனுப்பிருவாருக்கா!"

"உங்க அம்மன் தின்னுட்டாளோ?" என்றார் தர்மலிங்கம்.

அம்மையார் தொலைபேசியை வைத்துவிட்டு வேம்படிக்கு ஓடினார். "தாயே, உன் காலடியில வச்ச காகிதம். நீயே பார்த்துக்க" என்று கும்பிட்டுப் பஸ் ஏறினார். பாதி வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டது. கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றது, நின்றது, நகரவே இல்லை! அம்மையார் இருக்கையிலேயே கண்மூடி அம்மனை அழைத்தபடி இருந்தார். பாலிடெக்னிக் வாசலில் அவர் இறங்கியபோது மணி நாலரை.

எதிரே சேர்க்கைச் சீட்டை ஆட்டிக்கொண்டு குருவம்மாள் பாய்ந்து வந்தாள். "அக்கா! சீட்டு கிடைச்சிருச்சு! மூணு மணிக்கு வந்து பேசிட்டு, அதுக்குள்ள எங்கக்கா போனீங்க?"

"நான் இப்பத்தானடி வர்றேன்!"

பின்னால் வந்த சேர்க்கை அதிகாரி சிரித்தார். "விளையாடாதீங்கம்மா. நூறு கட்டு அடுக்கியிருந்தோம். நேரா வந்து ஒரு கட்டை உருவினீங்க. ஈர மஞ்சள் காய்ஞ்சு, வேற ஒருத்தர் விண்ணப்பத்தோட முதுகுல இந்தப் பொண்ணோடது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நகத்தால பூ மாதிரி பிரிச்சுக் குடுத்தீங்களே! ஆமா, கொண்டையில பளபளன்னு ஒரு பித்தளைச் சுருள் வச்சிருந்தீங்க, அது எங்க?"

அம்மையார் கொண்டையைத் தொட்டார். ஒன்றுமில்லை. ஒருநாளும் அவர் அதைச் சூடியதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "என் கை மஞ்சளால வந்த பிழை தாயே! அதைப் பிரிக்க நீயா வந்த?" என்று தேம்பினார்.

ஊர் திரும்பியதும் குருவம்மாளை இழுத்துக்கொண்டு வேம்படிக்கு ஓடினார். அங்கே தர்மலிங்கம் கைகூப்பி நின்றிருந்தார். காலையில் அம்மன் காலடியில் சாத்திய சுருள் அங்கே இல்லை. அம்மன் திருமுடியில், இடப்பக்கம் சற்றே சாய்ந்து, அழகாய் மின்னிக்கொண்டிருந்தது!

மறு ஆண்டு எட்டுப் பேர் விண்ணப்பித்தார்கள். மஞ்சள் கிண்ணத்தை ஏந்தி நின்றவர் தர்மலிங்கம்தான். "அக்கா, இந்தத் தடவை நல்லாக் காய வச்சு அனுப்புவோம்" என்றார்.

பெருக்கிய கையாலேயே பிள்ளைகளுக்கு வழி திறந்துவிட்ட செங்கமலம் அம்மையாரின் திருவடி வாழ்க! கதை கேட்ட உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தொழிலும் கற்று, மேற்படிப்பும் படித்து, நீங்கள் பூரிக்கும்படி வாசலேறி வரட்டும். அந்த வாசலில் என்றும் மஞ்சள் மணக்கட்டும், என் செல்வங்களே.