கன்றுப்பால் பட்டம்

வேங்கைமலை அரசர் மாறவேட்டரையரின் மாட்டுத்தொழுவத்துக்கு ஓர் அதிகாரி இருந்தார். பெயர் வல்லபராயர். மாட்டுக்குக் கொம்பு எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் அவருடைய பட்டங்களைக் கட்டியக்காரன் சொல்லி முடிப்பதற்குள் சபையில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

தொழுவத்தில் கன்றுகள் கழிச்சல் கண்டு செத்துக்கொண்டிருந்தன. சாகாமல் என்ன செய்யும்? மடி வீங்கிய பசுவின் பால், மிஞ்சிப்போன பால் என்று அரண்மனைக்கு ஆகாததையெல்லாம் கழுவாத அண்டாவில் ஊற்றிப் பச்சையாகவே ஊட்டச் சொன்னவர் இந்தப் புண்ணியவான்தான். பழியை மட்டும் கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் மாடத்தியின் தலையில் போட்டார்.

"இவள் கண் பொல்லாத கண், அரசே! நாட்டைவிட்டே விரட்ட வேண்டும்" என்றார் சபையில்.

மாடத்தி அழுதாள். "என் கையால ஊட்டி வளர்த்த கன்னுங்க மகாராசா. அதுங்கமேல என் கண்ணு படுமா? என்னைத் துரத்திவிட்டா நான் எங்க போவேன்?"

அமைச்சர் சாத்தப்பன் எழுந்தார். "அரசே, அந்தப் பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆற வைத்துக் கொடுத்தால் என்ன?"

வல்லபராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கன்றுக்கு அடுப்பா? நாளைக்கு ஏலக்காய் போட்டுப் பாயசம் கேட்கும்! வீண் விறகு, அரசே!"

விறகு என்றதும் அரசருக்குக் கை சுருங்கிவிட்டது. "நல்ல பாலில் ஒரு சொட்டும் கன்றுக்குப் போகக் கூடாது. விறகும் தர முடியாது. பௌர்ணமிக்குள் இன்னொரு கன்று செத்தால் மாடத்தி நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். நல்ல நீதி!

சாத்தப்பன் தாடியைத் தடவினார். "ஆகட்டும் அரசே. அரண்மனைக் கன்றுகளைக் காக்கப் பெரிய மனிதர் ஒருவர் வேண்டும். அவருக்குக் 'கோவத்ச ரட்சக சிரோமணி' என்று ஒரு பட்டமும் தர வேண்டும். யாருக்குத் தரலாம்?"

வல்லபராயர் நாலே எட்டில் சிம்மாசனத்தின் முன் வந்து நின்றார். "என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?"

பரிவட்டம் கட்டினார்கள். மேளம் முழங்கியது. சபையில் வாங்கிய பட்டத்தைத் திருப்பித் தரும் வழக்கம் அந்த நாட்டில் கிடையாது. பட்டம் தலையில் ஏறிய பிறகே சாத்தப்பன் மீதியைச் சொன்னார்.

"சிரோமணியாரே, அரசர் உண்ணும் முன் ஒருவர் ருசி பார்ப்பதில்லையா? அரசரின் கன்றுகளுக்கும் அதே மரியாதை. தினமும் அந்த அண்டாவிலிருந்து முதல் செம்புப் பால் உங்களுக்கு. நீங்கள் குடித்த பிறகுதான் கன்றுகள் குடிக்கும்."

பரிவட்டத்துக்குக் கீழே முகம் வெளுத்தது. அரசருக்கோ வேடிக்கை பிடித்துப்போயிற்று. "அப்படியே நடக்கட்டும்!" என்றார்.

மறுநாள் விடிந்ததும் சிரோமணியார் அண்டாவை எட்டிப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான். தம் வீட்டு விறகு வண்டி வண்டியாகத் தொழுவத்துக்கு வந்தது. அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். கட்டி கட்டியாக வந்த பாலைக் கீழே கொட்டச் சொன்னார். மீதிப் பால் தளதளவென்று கொதிக்கும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. பிறகு ஆற வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மாடத்தி அதே பாலை வெதுவெதுப்பாகக் கன்றுகளுக்கு ஊட்டினாள்.

பௌர்ணமி அன்று அரசர் தொழுவத்துக்கு வந்தார். ஒரு கன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளின. வல்லபராயர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"என்ன சிரோமணியாரே, காய்ச்சுவது வீண் விறகு என்றீரே?"

"பச்சையாகக் குடித்தால் வயிறு என்னத்துக்கு ஆகும், அரசே!" என்று அலறினார் வல்லபராயர்.

சாத்தப்பன் சொன்னார்: "கன்றுகளும் இதைத்தான் இத்தனை நாளாகக் கத்தின, அரசே. பாவம், அவற்றுக்குப் பட்டம் இல்லை. அதனால் யார் காதிலும் விழவில்லை."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். மாடத்தியின் கைக்குத் தம் தங்கக் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். இனி விறகு அரண்மனைச் செலவு என்றும் சொன்னார்.

"அப்படியானால் என் பட்டம்?" என்று ஆவலோடு கேட்டார் வல்லபராயர்.

"அது ஆயுசுக்கும் உமக்குத்தான்" என்றார் அரசர். "செம்பை எடும்!"